ஆறு பேப்பர், ஒரே வாய்

பேரு அழகர்சாமி. வயசு இருவத்தி நாலு. சொந்த ஊரு மேலூருக்குப் பக்கத்துல. இருக்கறது டெல்லி, முனிர்கா, மூணாவது மாடி. ஜன்னலத் தொறந்தா எதுத்த வீட்டுச் செவுரு. வேலை நேரு பிளேஸ்ல ஒரு சாப்ட்வேர் கம்பெனியில. இருந்துச்சுன்னு சொல்லணும், இப்ப இல்ல. ஆனா அவன் கோவம் வேலை போனதுக்காக இல்ல. அத மொதல்லயே சொல்லிரணும். இல்லாட்டி ஊர்ல வேற மாதிரி பேசிருவாங்க.

ரெண்டாயிரத்தி மூணாம் வருசம். கம்பெனிக்குப் பெரிய ஆர்டர் ஒண்ணு வந்துச்சு. ஒரு ஆபீசு, பேரு வேண்டாம். அங்க உள்ளவங்களுக்கு வேலை என்னன்னா பேப்பர் படிக்கிறது. சிரிக்காதீங்க, நெசமாவே அதான் வேலை. பாஷைக்கு ஒரு டேபிள். ஒட்டுக் கேக்குறது, ஒளிஞ்சு பாக்குறதெல்லாம் கிடையாது. எல்லாரும் படிக்கிற பேப்பரு, எல்லாரும் கேக்குற ரேடியோ, இப்பப் புதுசா இண்டர்நெட்டு. அதுல எது நெசம், எது புரளின்னு பிரிச்சு மேல உள்ள ஆபீசுக்கு நோட்டு அனுப்பணும். புயலு, ரயிலு கவுந்தது, எங்கயோ அடிதடி, எதுவா இருந்தாலும் மேல உள்ளவங்களுக்கு உருப்படியான சேதியாப் போகணும்.

தமிழ் டேபிள்ல இருந்தது விஜயலக்ஷ்மி. அம்பத்தி ரெண்டு வயசு. வீட்டுக்காரருக்குக் கெடைச்ச குவார்ட்டர்ஸ் மோதி பாக்ல. அந்தம்மாவுக்கு மட்டும் வேலை நெரந்தரம் இல்ல, கான்ட்ராக்டு. பதினாலு வருசமா டிசம்பர் மாசம் வந்தா புதுப்பிப்பாங்களா மாட்டாங்களான்னு பாத்துக்கிட்டே உக்காந்திருக்கறது.

இவங்க படிக்கிறதெல்லாம் ஒரே ஸ்கிரீன்ல வர்ற மாதிரி சாப்ட்வேர் பண்ணணும். அதான் ஆர்டர். அப்ப தமிழ் பேப்பர் ஒவ்வொண்ணும் இண்டர்நெட்ல ஒரு ஃபாண்ட் வச்சிருக்கும், ஒண்ணுல படிக்கிறது இன்னொண்ணுல கட்டமும் கோடுமாத் தெரியும். அதையெல்லாம் ஒண்ணாக்கத்தான் அழகர்சாமிய எடுத்தாங்க. மொதலாளி ஜெயந்த், கரோல் பாக்ல பொறந்து வளந்த தமிழரு. பாதி இந்தி கலந்து தமிழ் பேசுவாரு, ஒரு வரி வாசிக்கத் தெரியாது. தமிழ் பேப்பர் படிக்கிற சாப்ட்வேர தமிழ் படிக்கத் தெரியாதவரு டிசைன் பண்ணாரு. இதுல இருந்தே ஆரம்பிச்சிருக்கணும் கோவம்.

"அரே யார், அழகர், ஒரு மூணு நாள் அந்த ஆபீஸ்ல போய் உக்காந்துட்டு வா. யூசர் எப்படி வேலை செய்யறான்னு பாரு. புரபோசல்ல எழுதிட்டோம், அதனால."

அதனாலயாம். போனான்.

மூணு நாளும் அந்தம்மா பக்கத்துல ஒரு ஸ்டூலு. மொத நாள் காலையில "மேடம்"னான்.

"மேடமெல்லாம் வேண்டாம். மாமின்னே சொல்லு. மதுரைப் பக்கமா நீ? சாப்ட்டியா? பொய் சொல்லாதே, மூஞ்சியப் பாத்தாலே தெரியறது."

டப்பாவுல இருந்து ரெண்டு இட்லி எடுத்து பேப்பர்லயே வச்சுக் குடுத்துச்சு. குடுத்துட்டுக் கத்திரிக்கோலை எடுத்துச்சு. ஒரே சேதி எந்தெந்தப் பேப்பர்ல வந்திருக்கோ எல்லாத்தையும் வெட்டி, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, ஒவ்வொண்ணோட தலையையும் பென்சிலால வட்டம் போட்டுச்சு. ஊரு பேரு, தேதி, பக்கத்துல அடைப்புக்குள்ள ஏஜென்சி பேரு. அந்த ஒத்த வரிக்கு மாமி வச்ச பேரு நெத்தி.

"எல்லாரும் உடம்பப் படிப்பா. நான் நெத்தியத்தான் மொதல்ல பாப்பேன்."

"ஆறு பேப்பர்ல வந்திருக்கே மாமி. அப்ப உறுதிதானே?"

"ஆறு பேப்பர்ல வந்தா ஆறு பேர் பாத்தான்னு அர்த்தமா? நெத்தியப் பாரு. ஆறும் ஒரே ஏஜென்சி. அந்த ஏஜென்சிக்கு அந்த ஊர்ல ஒரே ஒரு ஆள். அவன் நேர்ல போனானோ, பஸ் ஸ்டாண்டுல கேட்டுண்டு எழுதினானோ, யாருக்குத் தெரியும்? நெஜமா ஆறு பேர் போயிருந்தா ஒருத்தன் நாலு மணிங்கறான், ஒருத்தன் அஞ்சுங்கறான். ஆறு பேரும் நாலே முக்கால்னு சொன்னா எனக்குப் பயமா இருக்கும்."

அந்தக் கட்டு மேல பென்சிலால எழுதுச்சு: ஆறு பேப்பர், ஒரே வாய்.

அதுக்கப்புறம் ஒரு தடி நோட்டு. அதுல போன் நம்பரு. எந்தக் கலெக்டர் நம்பரும் இல்ல. கடலோரத்து ஊர்கள்ல உள்ள எஸ்.டி.டி. பூத்து, டீக்கடை, பள்ளிக்கூடம், கோயில் ஆபீசு, சர்ச்சு வீடு. பதினாலு வருசமா சேத்தது. சந்தேகம் வந்தா அங்க போன் போட்டுக் கேக்கும்.

"டீக்கடைக்காரரு மட்டும் பொய் சொல்ல மாட்டாராக்கும்?"

"பேஷா சொல்லுவான். ஆனா அவனும் ரிப்போர்ட்டரும் ஒரே பொய்யச் சொல்ல மாட்டாடா."

அழகர்சாமி பதினோரு பக்கம் எழுதிக்கிட்டு வந்தான். கடைசி நாளு மாமி சொன்னத அடிக்கோடு போட்டு வச்சான். "எனக்கு மெஷின் வேண்டாம்னு சொல்லலை. வெட்டி வெட்டி விரல் காச்சுப் போச்சு. ஆனா நெத்திய எடுத்துடாதே. பென்சில்ல எழுத எடம் வையி. நான் தள்ளினாத்தான் எதுவும் வெளில போகணும். இவ்வளவுதான்டா கேக்கறேன்."

பதினோரு பக்கத்தையும் ஜெயந்த் பதினோரு நிமிசம் கூடப் பாக்கல.

"இது என்ன, மேல ஒரு லைன்? ஊர், தேதி, பிராக்கெட்டு... கந்தா லக்தா ஹை யார், அசிங்கமா இருக்கு. ஸ்கிரீன் க்ளீனா இருக்கணும். எடு."

"சார், அவங்க அதத்தான் மொதல்ல பாக்குறாங்க."

"அவங்களுக்காக நாமளே எண்ணிக் குடுத்துடலாம். நாலு பேப்பருக்கு மேல வந்தா பச்சை லைட். சிம்பிள். இந்த எழுதற டப்பா எதுக்கு? நாவல் எழுதப் போறாளா? எடு."

"சார்..."

"அப்பறம், பச்சை விழுந்தா இருவது நிமிஷத்துல அதுவா மேல போயிடணும். ஆட்டோமேட்டிக். அங்க பாஸ் மாத்தூர் சாப் அதுக்குத்தான் விழுவார்."

"மாமி பேருலயா போகும்?"

"லாகின் அவளோடதுன்னா அவ பேருலதான் போகும். வேணாம்னா இருவது நிமிஷத்துக்குள்ள நிறுத்தட்டும். அழகர், ஒண்ணு சொல்லு. யூசர் மாமி. ஆர்டர் குடுக்கறது யாரு? மாத்தூர் சாப். அப்ப யாருக்கு டிசைன் பண்ணணும்? அச்சா, ஜல்தி முடி."

இங்கதான் ஒண்ண மறைக்காமச் சொல்லணும். ஜெயந்த் ஒரு வரி கூட எழுதல. நெத்திய வெட்டினது அழகர்சாமி. நாலுக்கு மேல போனா பச்சைன்னு எழுதினது அழகர்சாமி. இருவது நிமிசம்னு ரெண்டும் சைபருமாத் தட்டினது இவனோட வெரலு. எதுத்துப் பேசுனா வேலை போயிரும், ஊர்ல எல்லார்கிட்டயும் பையன் டெல்லியில கவர்மெண்டு ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் பண்றான்னு சொல்லி வச்சிருக்காங்க, அந்தப் பயம். பல்லக் கடிச்சுக்கிட்டுத் தட்டினான். பல்லக் கடிச்சா தப்பு கொறையுமா என்ன?

மாத்தூர் சாப்தான் அந்த ஆபீசுக்குப் பெரியவரு. டெமோவுல பச்சை லைட்டு எரிஞ்சதும் ரெண்டு தடவ "வாஹ்"னாரு.

மாமி மொத நாள் ஸ்கிரீனப் பாத்துட்டு அழகர்சாமியப் பாத்துச்சு.

"என்னடா, எல்லாம் முண்டமா நிக்கறது? தலை எங்கே?"

"அடுத்த வெர்ஷன்ல வந்துரும் மாமி."

"நான் பேசாம இருந்தா சரின்னு எடுத்துக்குமாமே? முப்பது வருஷமா எங்காத்து மனுஷர் கூட அப்படி எடுத்துண்டதில்லையேடா!"

பக்கத்து மலையாள டேபிள்காரரு கூடச் சிரிச்சாரு. அழகர்சாமியும் சிரிச்சான். அந்தச் சிரிப்ப நெனைச்சா இப்பயும் அவனுக்குத் தன் கன்னத்துலயே அறையணும்னு வருது.

நவம்பர் மாசம். டெல்லியில குளிர் எறங்கிருச்சு, பஸ் ஸ்டாப்புல வேர்க்கடலை வண்டி வந்துருச்சு. அங்க தெக்க கடல்ல காத்து. கீழமுனைன்னு ஒரு மீன்பிடி ஊரு. அங்கருந்து கடலுக்குள்ள போன ஒரு விசைப்படகு ரெண்டு நாளாத் திரும்பல. போட்டுல ஒன்பது பேரு. மத்தியானம் ஒண்ணு அம்பத்திரெண்டுக்கு ஸ்கிரீன்ல சேதி வந்துச்சு: ஒன்பது பேரும் பலி. ஆறு பேப்பரோட வெப்சைட்டு. எல்லாத்துலயும் அதே ஒன்பது, அதே விடிகாலை நாலே முக்கால் மணி. பச்சை லைட்டு.

மாமிக்குத் தலை இல்லாமலே வாசனை தெரிஞ்சிருச்சு. ஸ்கிரீன்ல எழுத எடம் இல்லியே, அதனால பிரிண்ட் எடுத்து அதுல பென்சிலால எழுதுச்சு: ஆறும் ஒரே வாய். கேட்டுட்டுச் சொல்றேன். நிறுத்து. எழுதி பழைய வழக்கப்படி மாத்தூர் மேசையில இருக்கற தட்டுல வச்சிருச்சு. பதினாலு வருசமா அந்தத் தட்டுல தாள வச்சாலே சேதி நிக்கும், ஸ்கிரீன்ல தனியா நிறுத்தணும்னு மாமிக்குத் தோணல. இப்ப தட்டப் பாக்கறது யாரு? எல்லாம் கம்பெனிக்காரன் குடுத்த ஸ்கிரீன்லல்ல போகுது. வச்சுட்டு நோட்டத் தூக்கிக்கிட்டு, மாத்தூர் ரூமுக்கு வெளிய இருக்கற எஸ்.டி.டி. போனுக்கு ஓடுச்சு. கீழமுனை சர்ச்சு வீடு. புயல்ல லைன் இல்ல. சுத்துது, சுத்துது, அறுந்து போகுது. திரும்பச் சுத்துது.

மாமி அங்க நம்பர் சுத்திக்கிட்டு இருக்கறப்ப, இங்க அதோட சீட்டுல யாருமே இல்லாத ஸ்கிரீனு இருவது நிமிசத்த எண்ணிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு பன்னெண்டுக்கு சேதி மேல போயிருச்சு. அனுப்பியவர்: விஜயலக்ஷ்மி.

மேல இருந்து மாவட்டத்துக்கு. மாவட்டத்துல இருந்து ஜீப்பு. டெல்லியிலயே உறுதி பண்ணிட்டாங்கன்னு சொல்லி, கையில லிஸ்ட வச்சுக்கிட்டு வீடு வீடாப் போயிச் சொன்னாங்க. சர்ச்சுல மணி அடிச்சாங்க. ஒன்பது வீட்டுலயும் ஒப்பாரி. போட்டு ஓட்டுறவரோட அப்பா, வலை பின்னிக்கிட்டு இருந்த மனுசன், கேட்டுட்டு அப்படியே வலை மேல சாஞ்சாரு. எந்திரிக்கல.

மறுநாள் காலையில ஒன்பது பேரும் வந்துட்டாங்க. எஞ்சின் நின்னு போயி வேற ஊர்க்காரங்க போட்டுல கட்டி இழுத்துட்டு வந்து கரையேத்திருக்காங்க. ஒன்பது பேரும் உயிரோட வந்து ஒரு பொணத்தத் தூக்குனாங்க.

விசாரணை வந்துச்சு. யாரு அனுப்புனா? கம்ப்யூட்டர்ல பாத்தா பேரு, மணி, எல்லாம் இருக்கு. மாமி கான்ட்ராக்ட் ஃபைலு மாத்தூர் மேசையில இருக்கு, டிசம்பருக்கு இன்னும் பத்து நாளு.

ஜெயந்த் அழகர்சாமியக் கூப்பிட்டு ஒரு தாள நீட்டுனாரு. யூசருக்கு டிரெயினிங் குடுத்தாச்சு, சாப்ட்வேர்ல பழுது ஒண்ணும் இல்ல, யூசர்தான் அனுப்பினாங்கன்னு டைப் அடிச்சிருந்துச்சு. டிரெயினிங் குடுத்தது அழகர்சாமிங்கறதால கையெழுத்து அவன் போடணும்.

"அவங்க அனுப்பல சார். அதுவா போச்சு."

"நிறுத்தலை இல்ல? நிறுத்தலைன்னா அனுப்பினதுதான். இது அப்பவே எல்லாரும் ஒத்துண்ட ஃபீச்சர்."

"மாமி ஒத்துக்கலையே சார்."

"பையா, அவளுக்கு அம்பது தாண்டிடுச்சு. ஆத்துல உக்காந்து சீரியல் பாக்கட்டும். உனக்கு இருவத்தி நாலு. யோசி."

தாள வாங்கி மடிச்சு ஸ்வெட்டருக்குள்ள வச்சுக்கிட்டான். "நாளைக்கு மீட்டிங்ல தர்றேன் சார்"னான். அப்பயும் பயம்தான். முனிர்கா போற பஸ்ஸுல ரெண்டு தடவ அந்தத் தாளத் தொட்டுப் பாத்துக்கிட்டான்.

மீட்டிங்குக்கு அரை மணி நேரம் முன்னாடியே போயிட்டான். மாமி டேபிள்ல இல்ல, வெளி வராண்டாவுல பெஞ்சுல உக்கார வச்சிருந்தாங்க, வெளியாள் மாதிரி.

"மாமி, நீங்க அன்னிக்கு எங்கருந்து போன் பண்ணீங்க?"

"எங்கேருந்து பண்ணுவா? அந்த எஸ்.டி.டி. போன்தான். எதுக்குக் கேக்கறே, அதுக்கும் இருவது நிமிஷம் வைக்கப் போறியா?"

கவர்மெண்டு ஆபீசுல வெளியூர் போன் போட்டா, லைன் கெடைச்சாலும் கெடைக்காட்டியும், ரிஜிஸ்டர்ல எழுதணும். எந்த ஊரு, என்ன நம்பரு, எத்தனை மணிக்கு ஆரம்பிச்சு எத்தனை மணிக்கு வச்சது. எழுதினதுக்குப் பக்கத்துல சாயங்காலம் அதிகாரி இனிஷியல் போடுவாரு. போன் கீழயே கயிறு போட்டுக் கட்டித் தொங்குச்சு அந்த ரிஜிஸ்டரு. அழகர்சாமி கயித்த அவுத்து, கையில எடுத்துக்கிட்டே மீட்டிங்குக்குப் போனான்.

மாத்தூர் சாப் சமாதானமாத்தான் ஆரம்பிச்சாரு. ஜெயந்த் அழகான இந்தியில பேசினாரு. வயசானவங்களுக்குப் புது டெக்னாலஜி கஷ்டம்தான், நாங்க மறுபடியும் டிரெயினிங் தர்றோம், அப்படி இப்படின்னு. அப்பறம் அழகர்சாமி பக்கம் கையக் காட்டுனாரு.

அழகர்சாமிக்கு இந்தி ஆட்டோக்காரன்கிட்ட பேசற அளவுக்குத்தான். அந்த இந்தியிலயே சொன்னான்.

"சார், ரெண்டு பன்னெண்டுக்கு அவங்க கம்ப்யூட்டர்கிட்டயே இல்ல. ஒண்ணு அம்பத்தி அஞ்சுல இருந்து ரெண்டு முப்பத்தி அஞ்சு வரைக்கும் உங்க ரூம் வாசல்ல போன்ல இருந்திருக்காங்க. கீழமுனைக்கு. ரிஜிஸ்டரு இந்தா இருக்கு. பக்கத்துல உங்க இனிஷியல் சார்."

மாத்தூர் கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாத்தாரு. தன் கையெழுத்தையே ரொம்ப நேரம் பாத்தாரு.

"பின்ன எப்படிப் போச்சு?"

"நான் அனுப்பினேன் சார். நாலு மாசத்துக்கு முன்னாடியே. இருவது நிமிசம் யாரும் தொடலைன்னா அவங்க பேரப் போட்டு அனுப்புன்னு எழுதினது நான். எழுதச் சொன்னது இவரு. வாஹ்னு சொன்னது நீங்க."

"அழகர்!" ஜெயந்த் எந்திரிச்சுட்டாரு. "பாகல் ஹோ கயா க்யா?"

"பைத்தியம் இல்ல சார். அந்தம்மா எதப் பாத்து நம்பலாமோ அத வெட்டிட்டு, எத எழுதி நிறுத்தணுமோ அந்த டப்பாவத் தூக்கிட்டு, இப்ப ஏன் நிறுத்தலைன்னு கேக்கறோம். உங்க தட்டுல பாருங்க மாத்தூர் சார். பென்சில்ல எழுதின தாளு இன்னும் அங்கயேதான் கெடக்கும். நிறுத்துன்னு எழுதிருக்கும்."

மாத்தூர் பியூனப் பாத்தாரு. பியூன் தட்டக் கொண்டாந்தாரு. அடியில இருந்துச்சு. யாரும் தொடல. மாத்தூருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, ஜெயந்துக்கும் தெரியாது. அந்த ரூமுல அத வாசிக்கத் தெரிஞ்சவன் அழகர்சாமி ஒருத்தன்தான். வாசிச்சான். சத்தமா வாசிச்சான், வராண்டா வரைக்கும் கேக்கற மாதிரி.

ஜெயந்த் தாளப் பத்திக் கேக்கவே இல்ல. லிஃப்டுல எறங்கறப்ப ஒத்த வார்த்தை: "கல் சே மத் ஆனா." நாளைல இருந்து வராதே. ஸ்வெட்டருக்குள்ள இருந்த தாள எடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய எடத்துல ஒண்ணும் போடாம, அவரு கையிலயே குடுத்தான்.

மாமி கான்ட்ராக்ட்ட ஒரு வருசத்துக்குப் புதுப்பிச்சாங்க. அந்த ஆபீசுல இருவது நிமிசத்த நிறுத்திட்டாங்க. ரெண்டு பன்னெண்டுக்கு எதிர்ல இருந்த பேர அழிச்சுட்டு "தானாகச் சென்றது"ன்னு எழுதுனாங்க. யாரு செஞ்ச தானாகன்னு எழுதல.

ஞாயித்துக்கிழமை அழகர்சாமி மோதி பாக்ல மாமி வீட்டுக்குப் போனான். நன்றி சொல்லுவாங்கன்னு எதிர்பாத்தானா? கொஞ்சம் எதிர்பாத்துத்தான் போனான். மாமி கதவத் தொறந்து, வாசல்லயே நிக்க வச்சுக் கேட்டுச்சு.

"நீ எழுதினத நான்தான் எழுதினேன்னு சொன்னே. அதுக்கு நான் ஆரத்தி கரைச்சுண்டு நிக்கணுமா?"

"இல்ல மாமி."

"வலை மேல சாஞ்சாரே, அந்தப் பெரியவர் பேரு தெரியுமோ உனக்கு?"

தெரியல அவனுக்கு. இத்தன நாள்ல ஒரு தடவ கூடக் கேக்கல.

"சூசை. நேத்திக்கு லைன் கிடைச்சுது, சர்ச்சுல கேட்டேன். எழுபத்தி ஒரு வயசு. அவா என்கிட்ட என்ன கேட்டா தெரியுமா? டெல்லில உறுதி பண்ணினது யாரு அம்மான்னு கேட்டா. நான் என்னடா சொல்லுவேன்? பச்சை லைட்னு சொல்லட்டுமா? அந்த மெஷின உன் மொதலாளி வேற எங்கெல்லாம் வித்திருக்கான்?"

மூணு ஆபீசுக்கு. சி.டி. போட்டுக் குடுத்தது அழகர்சாமிதான், அதனால தெரியும். மூணுலயும் நெத்தி இல்ல. மூணுலயும் இருவது நிமிசம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.

"அப்போ என் வாசல்ல என்ன பண்ணிண்டிருக்கே? போய் அதச் சொல்லு."

மூணு எடத்துக்கும் போனான். ஒரு எடத்துல கேட்டுல இருந்தே வெரட்டிட்டாங்க. ஒரு எடத்துல கம்பெனி லெட்டர் கொண்டாந்தாத்தான் பேசுவோம்னாங்க. மூணாவது எடத்துல டீ குடுத்து, ஜெயந்துக்கே போன் போட்டு, உங்க கம்பெனிப் பையன் வந்திருக்கான்னு சொல்லிட்டாங்க. வேலையில்லாதவன் சொன்னா வயித்தெரிச்சல்ல சொல்றான்னுதான் எடுத்துக்கறாங்க.

அதனால இதப் படிக்கிறவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு. உங்க ஆபீசுலயோ, உங்க சொந்தக்காரங்க ஆபீசுலயோ, பச்சை லைட்டு எரிஞ்சு சேதி தானாப் போற ஸ்கிரீன் இருந்தா, செட்டிங்ஸ்ல போங்க, மேல இருந்து மூணாவது டிக், அத எடுத்து விட்டுருங்க. ரெண்டு நிமிசம் ஆகாது. எடுத்துட்டு, அந்த சீட்டுல உக்கார்றவங்ககிட்டயும் எடுத்தாச்சுன்னு சொல்லிருங்க.